மார்கழி பிறந்ததிலிருந்து அப்பா காலைச் சொறிந்துகொண்டே இருக்கிறார், என்ன செய்வது?

கேள்வி:

வணக்கம் டாக்டர். நாங்கள் உடுமலைப்பேட்டை பக்கம். அப்பாவுக்கு 68 வயது, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். மார்கழி பிறந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது, நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது. இப்போது முன்பக்கம் சிவந்து வெடிப்பும் வந்திருக்கிறது. ராத்திரி அவர் சொறிகிற சத்தம் அடுத்த ரூமுக்குக் கேட்கிறது, காலையில் வேட்டியில் ரத்தப் பொட்டு. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் அண்டாவில் காய வைத்த சுடுதண்ணீரில் குளிப்பார், போர் தண்ணீர்தான். மருந்து சோப்பு போட்டு பீர்க்கங்காய் நாரால் நன்றாகத் தேய்த்து, கடைசிச் சொம்பில் கிருமிநாசினி நாலு சொட்டு விட்டு ஊற்றிக்கொள்வார். சனிக்கிழமை நல்லெண்ணெய், அரப்பு. தினமும் தேங்காயெண்ணெயும் தேய்க்கிறார், அரை மணி நேரத்தில் மறுபடி காய்ந்துவிடுகிறது. மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள் (க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல் என்று போட்டிருக்கிறது). தடவினால் இரண்டு நாளில் நிற்கிறது, விட்டால் திரும்ப வருகிறது, இப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்திவிட்டோம், தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்கிறோம். ரத்தம் கெட்டுவிட்டது என்கிறார்கள். சர்க்கரையால் வந்ததா? என் தோழி விலை கூடிய செராமைடு க்ரீம் ஒன்றைச் சொல்கிறாள், வாங்கலாமா?

பதில்:

வணக்கம். முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அப்பாவுக்கு அரிப்பு, மருந்து சொல்லுங்கள்' என்று ஒற்றை வரியில் கேட்காமல் அவர் எப்படிக் குளிக்கிறார் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். என் பதிலில் முக்கால்வாசி அந்தக் குளியலைப் பற்றித்தான்.

ரத்தம் கெடவில்லை, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது தோல் வறட்சிதான், வறண்டு வறண்டு கடைசியில் கரப்பானாக மாறியிருக்கிறது. பனிக்காலத்தில் வயதானவர்களின் முன்னங்காலில் இது மிக சகஜம். தண்ணீர் வற்றிய குளத்து மண் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, கிட்டே போய்ப் பார்த்தால் அப்பாவின் காலும் அப்படித்தான் தெரியும்: நடுவில் காய்ந்த தோல், சுற்றிலும் மெல்லிய சிவந்த கோடுகள், அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பு. அதில் சோப்பு பட்டால் எரியும், கிருமிநாசினி பட்டால் இன்னும் எரியும். அப்பா அந்த எரிச்சலை 'மருந்து வேலை செய்கிறது' என்று நினைத்துக்கொண்டிருப்பார், நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். நம் தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்களின் அடுக்கு. சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூட வராது, ஆனால் உடம்புக்குள் இருக்கிற தண்ணீர் காற்றில் போய்விடாமல் பிடித்து வைப்பது அதுதான். அந்த செல்களுக்கு நடுவில் ஒரு கொழுப்பு இருக்கிறது. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் சேர்ந்தது (ஆமாம், மாரடைப்பு என்றதும் நாம் திட்டுகிற அதே கொலஸ்ட்ரால்தான், தோலில் அது நல்ல பிள்ளை). செல்லுக்குள்ளேயும் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிற சில பொருட்கள் உண்டு. இந்த இரண்டும் குறைந்தால் மேல் அடுக்கில் ஈரம் நிற்காது. ஈரம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் அந்த அடுக்கு வளைந்து கொடுக்கிற தன்மையை இழந்து செதில் செதிலாகத் தூக்கிக்கொள்ளும், அதுதான் நீங்கள் பார்க்கிற சாம்பல்.

ஏன் காலில் மட்டும் என்றால், முன்னங்காலில் எண்ணெய்ச் சுரப்பி பிறவியிலேயே குறைவு. வயதாக ஆக எண்ணெய் சுரப்பதும் குறையும், அந்த இடைக் கொழுப்பும் குறையும். இதற்கு மேல் மார்கழி, தை, மாசியில் உங்கள் பக்கத்துக் காற்று. விடிகாலையில் பனி கொட்டினாலும் பத்து மணிக்கு மேல் காற்றில் ஈரம் இருப்பதில்லை, உதடு வெடிப்பதே அதற்குச் சாட்சி. சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். வயதையும் காற்றையும் நாம் மாற்ற முடியாது. ஆனால் அப்பா தினமும் இரண்டு முறை தன் கையாலேயே அந்தக் கொழுப்பைக் கழுவி எடுத்துக்கொண்டிருக்கிறார், அதை மாற்றலாம்.

சுடுதண்ணீரில் இருந்து ஆரம்பிப்போம். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் கழுவினால் சீக்கிரம் போகிறது, தோலிலும் அதே வேலைதான் நடக்கிறது. சங்கடம் என்னவென்றால், அரிக்கிற இடத்தில் நல்ல சூடாக ஊற்றினால் அந்த நேரத்துக்கு அப்படி ஒரு சுகம் கிடைக்கும். அரிப்பு உண்மையிலேயே கொஞ்ச நேரம் அடங்கும், அதனால்தான் விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து முன்பைவிட அதிகமாக அரிக்கும். உங்கள் அப்பாவுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், எவ்வளவு சூடு என்று காலுக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர்கள் வெந்நீரில் காலைக் கொப்புளமாக்கிக்கொண்டு வருவது அபூர்வமே இல்லை. அதனால் அண்டாத் தண்ணீரை விளாவிய பிறகு, வீட்டில் வேறு யாராவது முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு 'சரி, ஊற்றிக்குங்க' என்று சொல்லட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு குளியல், பத்து நிமிடத்துக்குள். சாயங்காலக் குளியல் இல்லாமல் முடியாது என்றால் முகம், அக்குள், தொடை இடுக்கு மட்டும் கழுவிக்கொள்ளட்டும்.

ஓய்வு பெற்றவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. உங்கள் அப்பா பல வருடம் பஸ்ஸில் தூசியிலும் டீசல் புகையிலும் நின்றவர். அன்றைக்கு நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்தது நியாயம்தான். இப்போது அந்தத் தூசியும் இல்லை, அந்த வியர்வையும் இல்லை, தேய்க்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. பீர்க்கங்காய் நாரை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். செதிலைத் தேய்த்து எடுத்தால் தோல் சுத்தமாவது போலத் தெரியும், ஆனால் போகிறது அழுக்கில்லை, தோலின் மேல் அடுக்கு.

அப்புறம் சோப்பு. தோல் கொஞ்சம் அமிலத் தன்மையோடு இருக்கும், அதன் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. சாதாரண சோப்பு எதுவாக இருந்தாலும், மருந்து சோப்பு, மூலிகை சோப்பு, சந்தன சோப்பு எல்லாமே, காரத்தன்மை உள்ளது, பிஎச் 9, 10 என்று போகும். போட்டுக் கழுவிய பிறகு தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் அப்பா அடுத்த குளியலுக்குப் போய்விடுகிறார். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஒரு வெள்ளைப் படிவாக மாறும், பக்கெட் ஓரத்தில் ஒட்டுமே அதுதான், தோலிலும் அது தங்கிவிடுகிறது.

டிஎஃப்எம் (சோப்பு அட்டையில் போட்டிருக்கிற மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம்) அதிகமுள்ள சோப்பு வாங்கினால் சரியாகிவிடுமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். 76 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதல் தரம், 70க்கு மேல் இரண்டாம் தரம், 60க்கு மேல் மூன்றாம் தரம் என்று குளியல் சோப்புகளுக்கு அரசுத் தர அளவு இருப்பது உண்மைதான். ஆனால் அது சோப்பில் எவ்வளவு சோப்பு இருக்கிறது என்று சொல்கிற கணக்கு. தோலுக்கு எவ்வளவு மென்மை என்று அது சொல்லாது. வறண்ட தோலுக்கு உகந்தது சிண்டெட் பார் எனப்படுகிற சோப்பே இல்லாத கட்டி, அல்லது நுரை அதிகம் வராத க்ளென்சர். சிண்டெட் கட்டியின் அட்டையில் 'பாத்திங் பார்' என்று இருக்கும், டிஎஃப்எம் பார்த்து வாங்குகிறவர்கள் அதை மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பின்பக்கம் சோடியம் கோகாயில் ஐசெதயோனேட் என்ற பெயர் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேடி வாங்க முடியாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது: இருக்கிற சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் இந்த மூன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு முன்னங்காலுக்கு வெறும் தண்ணீர் போதும். வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறவரின் முன்னங்காலில் சோப்பு போட்டே போக்க வேண்டிய அழுக்கு என்ன இருக்கப் போகிறது?

கிருமிநாசினி அடியோடு வேண்டாம். அது ஆறாத தோலை மேலும் கிளறிவிடும். வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, இவையும் இந்த இரண்டு மூன்று மாதம் காலுக்கு வேண்டாம், நல்ல எண்ணத்தில் யார் சொன்னாலும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் நிறுத்தச் சொல்லவில்லை, அது அவருக்கு ஒரு சுகம். அரப்பு தலையோடு நிற்கட்டும். தலைக்குப் போட்ட அரப்பு வழிந்து காலில் இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் சரி. தேய்த்த எண்ணெய் மொத்தத்தையும் உடம்பிலிருந்து அரப்பு வைத்து எடுத்துவிட்டால் எண்ணெய் தேய்த்ததற்கே அர்த்தம் இல்லை.

இனி தடவுவது பற்றி. தேங்காயெண்ணெய் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணெயில் தண்ணீர் கிடையாது. இருக்கிற ஈரத்தை மூடி வைக்கத்தான் அதற்குத் தெரியும், இல்லாத ஈரத்தைக் கொண்டுவராது. நன்றாகக் காய்ந்த காலில், மத்தியானம் மூன்று மணிக்குத் தேய்த்தால் வறட்சியின் மேல் ஒரு மினுமினுப்புதான் கிடைக்கும். குளித்த உடனே துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, கால் இன்னும் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் தடவ வேண்டும். பாத்ரூமை விட்டு வெளியே வந்து, சட்டை போட்டு, சாமி கும்பிட்டு, காபி குடித்து, அப்புறம் எண்ணெய் என்றால் அந்த ஈரம் போயிருக்கும், போகும்போது தோலில் இருந்ததையும் கொஞ்சம் சேர்த்துக் கொண்டு போயிருக்கும். அதனால் டப்பா பாத்ரூமுக்குள்ளேயே இருக்க வேண்டும், இதை நான் எல்லாரிடமும் சொல்வது வழக்கம்.

என்ன தடவுவது? வெடிப்பு இருக்கிற இந்த முதல் இரண்டு வாரத்துக்கு லிக்விட் பாரஃபின், வொயிட் சாஃப்ட் பாரஃபின் இரண்டும் கலந்த க்ரீம் எந்த மெடிக்கலிலும் கிடைக்கும், கிளிசரின் சேர்ந்ததும் உண்டு, வாசனை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். ராத்திரிக்கு அதன் மேல் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி. பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் குழாயில் படிந்த மெழுகைத் தீக்காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, அதைச் சுத்தம் செய்து 1872இல் ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் காப்புரிமை வாங்கிய பொருள் அது. இத்தனை வருடம் கழித்தும் தோலிலிருந்து தண்ணீர் வெளியேறாமல் தடுப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. பிசுபிசுப்புதான் குறை. அது பிடிக்கவில்லை என்றால் ஈரக் காலில் தேங்காயெண்ணெயே தேய்க்கட்டும், நேரத்தை மாற்றினாலே அவருக்கு வித்தியாசம் தெரியும். ஆலிவ் எண்ணெய் மட்டும் வேண்டாம், விலையைப் பார்த்து அது உசத்தி என்று நினைக்கிறார்கள், ஆனால் அதில் அதிகமாக உள்ள ஓலிக் அமிலம் தோலின் அந்த இடைக் கொழுப்பைக் குலைக்கிறது. யூரியா, லாக்டிக் அமிலம் சேர்ந்த க்ரீம்கள் வறட்சிக்கு நல்ல மருந்துதான், ஆனால் வெடிப்பில் பட்டால் எரியும், காலைத் தொடவே விடமாட்டார். வெடிப்பு மூடிய பிறகு பார்க்கலாம்.

எவ்வளவு தடவுவது என்பதில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை டியூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குத்தான் வரும். முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஒரு காலுக்கு இப்படி ஐந்து கோடு வேண்டும். இரண்டு காலுக்கு 5 கிராம், காலையும் ராத்திரியும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 10 கிராம். அதாவது 100 கிராம் டியூப் பத்து நாளில் தீர வேண்டும். 'நல்ல க்ரீம்தான் டாக்டர், மூன்று மாதம் வந்தது' என்று ஒருவர் சொன்னால் அவர் அதைத் தடவவே இல்லை என்று அர்த்தம்.

உங்கள் செராமைடு கேள்விக்குப் பதிலும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. செராமைடு க்ரீம் கெட்டது இல்லை, வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். விலை அதிகம் என்பதற்காகப் பட்டாணி அளவு எடுத்துத் தடவுவதாக இருந்தால் வேண்டாம். பிரிட்டனில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் லோஷன், க்ரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் நான்கையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில் நான்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எது அவருக்குத் தடவப் பிடிக்கிறதோ, எதை உங்களால் பத்து நாளுக்கு ஒரு முறை வாங்கிக்கொண்டே இருக்க முடியுமோ, அதுதான் அவருடைய க்ரீம். தடவும்போது முடி இருக்கிற திசையில், மேலிருந்து கீழாக. அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும்.

அந்த மெடிக்கல் டியூபுக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. க்ளோபெட்டசால் என்பது தோலில் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே ஆக வீரியமானது. மைக்கோனசோல் படைக்கு, நியோமைசின் பாக்டீரியாவுக்கு. என்ன வியாதி என்று தெரியாதபோது மூன்றையும் ஒரே டியூபில் அடைத்து எதற்காவது கேட்கட்டும் என்று கொடுப்பது அது. இரண்டு நாளில் அரிப்பு நிற்பது ஸ்டீராய்டின் வேலை, ஆனால் வறட்சி அப்படியே இருப்பதால் விட்டதும் திரும்பி வருகிறது. இப்படியே மாதக்கணக்கில் போனால் தோல் மெலிந்து காகிதம் போல ஆகும், லேசாக இடித்தாலே கிழியும், சர்க்கரை உள்ளவருக்கு முன்னங்காலில் அப்படி ஒரு புண் வந்தால் ஆற எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நியோமைசினுக்கு அலர்ஜி ஆகிறவர்களும் நிறைய, அப்போது அரிப்புக்குக் காரணமே அந்த டியூபாக இருக்கும். இதுவே படையாக இருந்திருந்தால் சிவப்பு மட்டும் மறைந்து பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும், இன்றைக்கு நம் ஊரில் படை இவ்வளவு பெரிய தலைவலியாக ஆனதற்கு இந்த மாதிரி டியூப்கள் ஒரு முக்கியமான காரணம்.

அதனால் டியூபை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாளில் சிவப்பும் அரிப்பும் ஒரு தடவை எகிறலாம், உடனே பயந்துபோய் மறுபடி அதையே எடுக்காதீர்கள். சிவந்து வெடித்திருக்கிற இடத்துக்கு ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, நடுத்தர வீரியத்தில் ஒன்றை ஒரு வாரம், பத்து நாள் தடவ வேண்டி வரலாம். அதைக் காலைப் பார்த்த ஒரு தோல் மருத்துவர் எழுதித் தரட்டும், எத்தனை நாள் என்பதையும் சேர்த்து.

அரிப்பு மாத்திரை கேட்பீர்கள். வறட்சி அரிப்புக்கு அலர்ஜி மாத்திரைகள் பெரிதாகக் கேட்காது. தூக்கம் வரும், அதனால் சொறிவது குறைந்த மாதிரி இருக்கும். பழைய காலத்துத் தூக்க அலர்ஜி மாத்திரைகள் இந்த வயதில் ஆண்களுக்கு மூத்திரத்தை அடைத்துவிடும், ராத்திரி எழுந்து தடுமாறி விழவும் வைக்கும். அதைவிட நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கம்பளியை நேராகக் காலில் படும்படி போர்த்தாமல் உள்ளே பழைய பருத்தி வேட்டி ஒன்றைப் போட்டு அதன் மேல் போர்த்துங்கள். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் க்ரீமைத் தடவட்டும், ஃப்ரிட்ஜில் வைத்த க்ரீம் என்றால் சில்லென்று இதமாக இருக்கும்.

கத்தரிக்காயை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். பாவம், சர்க்கரை வந்ததில் ஏற்கெனவே பாதி சாப்பாடு போயிருக்கும். இந்த அரிப்புக்கும் கத்தரிக்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருவாட்டை அளவாக வைத்துக்கொள்ளட்டும், அது தோலுக்காக இல்லை, அதில் உள்ள உப்புக்காக. மூன்று லிட்டர் தண்ணீரும் தேவையில்லை. குடிக்கிற தண்ணீர் தோலின் மேல் அடுக்கில் போய் நிற்காது, தாகத்துக்குக் குடித்தால் போதும். சர்க்கரைக்காரர்களில் சிலருக்குச் சிறுநீரகம் தளர்ந்திருக்கும், அவர்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டு ஊற்றுவது தொந்தரவாகக்கூட முடியலாம்.

சர்க்கரையால் வந்ததா என்றால், முழுக்க அதனால் இல்லை, ஆனால் அதுவும் கூட நிற்கிறது. பல வருடச் சர்க்கரையில் காலுக்குப் போகிற நரம்புகள் பழுதானால் பாதத்தில் வியர்வை குறையும். வியர்க்காத பாதம் காய்ந்து குதிகாலில் பித்தவெடிப்பு வரும், வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும், உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியாது. தினமும் க்ரீம் தடவுகிற அந்த நேரத்தில் நீங்களோ அம்மாவோ உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குதிகாலுக்கு 10 சதவீத யூரியா க்ரீம் நல்லது, ரத்தம் தெரிகிற ஆழமான வெடிப்பு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விரல் இடுக்கில் க்ரீம் போகக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

இந்த வயதில் தோல் வறட்சி முதல் முறையாக இவ்வளவு கடுமையாக வந்திருந்தால் இரண்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுவேன்: தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். தைராய்டு குறைந்தால் தோல் வறளும், கூடவே மலச்சிக்கல், அசதி, குளிர் தாங்காமை இருக்கும். சிறுநீரகம் பழுதானாலும் உடம்பெல்லாம் அரிக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரை எப்படியும் பார்ப்பார்கள். கொழுப்பு மாத்திரை, பிரஷருக்கு மூத்திரம் போகிற மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாரா என்று டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அவையும் தோலைக் காய வைக்கும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை என்று எழுதியது நல்லது, ஏனென்றால் இருந்திருந்தால் நான் சிரங்கைத்தான் முதலில் நினைத்திருப்பேன், அதுவும் ராத்திரியில்தான் அதிகமாக அரிக்கும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் சிறு கொப்புளங்கள் இருக்கிறதா என்று எதற்கும் பாருங்கள். இன்னொன்று, காலிலோ கையிலோ வெளிறிப்போன, முடி இல்லாத, வியர்க்காத ஒரு திட்டு தனியாக இருந்து அங்கே தொட்டால் தெரியவில்லை என்றால் அதை வறட்சி என்று விடக் கூடாது, தொழுநோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்து இலவசமாக மாத்திரை தருவார்கள், முழுக்கக் குணமாகும். நீர் வடிவது, மஞ்சள் பொருக்கு, கால் வீங்கிச் சூடாக இருப்பது, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

நான் சொன்னபடி செய்தால் அரிப்பு சில நாளிலேயே குறைய ஆரம்பிக்கும், வெடிப்பு மூட இரண்டு வாரம் பிடிக்கும். அத்தோடு விட்டுவிடாதீர்கள், இந்த வயதில் மேல்தோல் முழுவதும் புதுப்பித்துக்கொள்ள ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகும். பங்குனி வெயில் வரும் வரை தடவட்டும், அடுத்த வருடம் கார்த்திகையிலேயே, அரிப்பு வருவதற்கு முன்னாலேயே, ஆரம்பித்துவிட வேண்டியதுதான். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றம் இல்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. க்ரீம் தடவிய காலோடு பாத்ரூம் தரையில் நடந்தால் வழுக்கும், அவரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துத் தடவி, உள்ளங்காலை மட்டும் ராத்திரி படுக்கையில் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். பாரஃபின் ஊறிய வேட்டி சீக்கிரம் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுசாகப் போகாது. விறகு வைத்து அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாதான் என்றால் இந்த மூன்று மாதத்துக்கு அந்த வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இதை அவரிடம் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்.